பெண்கள் ஓட்டினால் பேட்டரி இறங்கும்

ஜூன் 3, திங்கள்

வைகறை டிரைவிங் ஸ்கூலில் வண்டிக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், பழுது என்று நான்கு கட்டம். எரிச்சலுக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் டயர் கம்பெனிக்காரர் முதலாளிக்குக் கொடுத்து, முதலாளி என் தலையில் கட்டிய இந்த டைரியில் எழுதுகிறேன்.

இன்று பெண்கள் பேட்ச் ஆரம்பம். காலை பதினொன்று முதல் ஒன்று வரை. மதுரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஏன் அந்த நேரம் என்று கேட்டேன். காலையிலும் மாலையிலும் ஓட்டப் பழகுகிற ஆண்களுக்கு நடுவில் வேலை இருக்குமாம். என் பேட்சில் நான்கு பேர். இரண்டு நர்ஸ்கள் நைட் டியூட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு வருகிறார்கள். ஒருவர் தலைமையாசிரியை, பர்மிஷன் போட்டுவிட்டு வருகிறார். ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கே தெருக் கூட்டப் போய்விட்டு வருகிறார். இவர்கள் வேலை இல்லாதவர்கள்.

தெருக் கூட்டுகிறவர் பஞ்சவர்ணம். செல்லூர். நாற்பத்தொரு வயது, பத்தொன்பது வருடம் குப்பைத் தள்ளுவண்டி. இவர் வேலை பார்க்கும் ஒப்பந்தக் கம்பெனி புதிதாகக் குப்பை வண்டிகள் எடுக்கிறது. ஜூலை 15-க்குள் லைசென்ஸ் கொண்டுவருகிற தொழிலாளிகளுக்கு டிரைவர் வேலை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று இடம். பஞ்சவர்ணத்துக்கு ஜூலை 10 டெஸ்ட். அதை விட்டால் இடம் போய்விடும்.

"ஒரு ஆம்பளை உக்காந்து ஓட்டுவான், நாங்க நாலு பேரு பின்னாடியே ஓடணும். ஒரு நாளாச்சும் முன்னாடி உக்காந்து பாக்கணும்ல பாப்பா" என்றார்.

தலைமையாசிரியை எஸ்தர். அறுநூறு பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைப்பவர். இன்று வண்டி பதினான்கு முறை ஆஃப் ஆனது. ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் "ஐயோ ஆண்டவரே, சிவப்பு!" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

மாலை வேலைகள்: சீட் உறை துவைத்தேன். எல் போர்டுக்குப் புதுக் கயிறு கட்டினேன். மீட்டர் மூடியின் திருகுகளைக் கழற்றி அந்த விளக்கின் பல்பை உருவி ஊக்கு டப்பாவில் போட்டேன். இனி அது யாரையும் பார்த்துக் கண்ணை உருட்ட வேண்டாம். தரையில் கோடு போடுகிற சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

வண்டி ஒன்பது முறை ஆஃப் ஆனது. எஸ்தர் மேடம் ஒரு முறைகூட அலறவில்லை. நான் நல்ல டீச்சர்.

ஜூன் 6, வியாழன்

வைகைக் கரைச் சாலையில் வண்டி படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. நான் ஸ்டியரிங் பிடிக்க, நான்கு பெண்களும் தள்ளினார்கள். எதிரே டீக்கடையில் எட்டு ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கை வைக்க அல்ல, நன்றாகத் தெரிவதற்காக.

"தள்ளுறது நமக்குப் பழக்கந்தான். இதுல கூடை இல்ல, அம்புட்டுத்தான்" என்றார் பஞ்சவர்ணம்.

ஜூன் 7, வெள்ளி

ஆட்டோ எலக்ட்ரீசியன் ரபீக் பாய் வந்து பானெட்டைத் திறந்தார். முத்துக்காளை ஆக்சிலேட்டரை மிதித்து உறுமினான். ரபீக் பாய் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பதினாலு புள்ளி ரெண்டு வோல்ட்டு. டைனமோ ராஜா மாதிரி வேல செய்யுது. பேட்டரிதான் கிழடு."

முத்துக்காளை காலை, மாலை பேட்ச்களின் டிரைவர் வாத்தியார். பைபாஸில் எழுபதில் பறப்பதுதான் அவன் கற்றுத்தரும் முதல் பாடம். "என் பேட்ச்ல ஒரு நாளும் நின்னதில்லையே கண்ணி" என்றான். என் முழுப்பெயர் அங்கயற்கண்ணி. முழுப்பெயர் சொல்ல அவனுக்கு நேரமில்லை, பறக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

புது பேட்டரி வாங்கினோம். பழையதைக் கடையிலேயே வாங்கிக்கொண்டு விலையில் கழித்தார்கள். முதலாளி சௌந்தரபாண்டியன் பெரிய ஆம்பியராகப் பார்த்து ஆசைப்பட்டார். அது வண்டியின் பேட்டரித் தட்டில் உட்காராது என்று கடைக்காரர் சொன்ன பிறகும் இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். டெர்மினலுக்கு வாஸ்லின், பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம், டயருக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் முறைப்படி.

ஜூன் 14, வெள்ளி

படுத்துவிட்டது. சந்தனம்கூட இன்னும் உதிரவில்லை.

முதலாளி அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் தீர்ப்பு சொன்னார்: "ஏத்தா, நான் குத்தம் சொல்லல. பொம்பளைங்க ஓட்டினா பேட்டரி எறங்கும். பிரேக்குல வச்ச காலை எடுக்க மாட்றாக. பின்னாடி லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பேட்டரி எங்கிட்டுத் தாங்கும்?"

"பிரேக் லைட்டு எரிஞ்சு பேட்டரி தீரும்னா சிக்னல்ல நிக்கிற பஸ்ஸெல்லாம் தள்ளித்தான் சார் போகணும்."

"இந்தா, வாய் மட்டும் சார்ஜ் எறங்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். அதுதான் எரிச்சல்.

ஜூன் 15, சனி

ஃபேன் பெல்ட் மாற்றினோம். பழைய பெல்ட்டும் நன்றாகத்தான் இருந்தது. டிக்கியில் சுருண்டு கிடக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

பெல்ட்டும் பயனில்லை. அடுத்தது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர். எல்லோரும் டைனமோ என்கிறார்கள், எனக்கும் அதுதான் வருகிறது. புதிதுக்கு முதலாளி சம்மதிக்கவில்லை. பழைய சாமான் கடைக்கு நானும் பஞ்சவர்ணமும் போனோம். மாதிரிக்குப் பழையதையும் கழற்றிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் பார்த்தார். ஆள் யாரும் இல்லை என்றதும், "வீட்டுல ஆம்பளைய வரச் சொல்லும்மா. இது குக்கர் கேஸ்கட் இல்ல" என்றார்.

"உங்க வீட்டுல குக்கர் கேஸ்கட் யார் மாத்துறா?"

"எங்க வீட்டம்மாதான்."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

அதன் பிறகு மரியாதையாக மூன்றை எடுத்து வைத்தார். ரபீக் பாய் சொல்லியனுப்பியபடி பார்த்தேன். முதலாவதில் பெல்ட் உட்காரும் பள்ளங்கள் எங்கள் பெல்ட்டோடு பொருந்தவில்லை. இரண்டாவது வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கையால் சுற்றினால் சத்தமும் இல்லை. எனக்குப் பிடித்துப்போனது. பஞ்சவர்ணம் அதை வாங்கி மூக்கருகே வைத்தார்.

"வேணாம் பாப்பா. உள்ள கருகியிருக்கு."

"நல்லா இருக்கும்மா, பெயின்ட் வாசம்" என்றார் கடைக்காரர்.

"அண்ணே, நாத்தத்துல எனக்குப் பத்தொம்பது வருச சர்வீஸ். மேல பெயின்ட்டு, உள்ள கருகுன கம்பி."

கடைக்காரர் அதை உள்ளே வைத்துவிட்டார். மூன்றாவதை வாங்கினோம். அழுக்கு, ஆனால் நாணயமான அழுக்கு. வெளியே வந்து சர்பத் குடித்தோம். பத்தொன்பது வருடத்தில் தன் மூக்கை மதித்து ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை என்றார் பஞ்சவர்ணம். நான் கேட்கவில்லையே, அவராகத்தான் மோந்து பார்த்தார்.

ஜூன் 21, வெள்ளி

மூன்று நாள் தாங்கியது. இன்று அதே டீக்கடை, அதே எட்டுப் பேர். ஒருவர் எங்களுக்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயம். "ஏத்தா, இன்னும் ஒரு தடவை ரோட்டுல நின்னுச்சுன்னா பொம்பளைங்க பேட்ச்சை மூடிருவேன். டெஸ்ட்டு புக் பண்ணவகளுக்குக் காசைத் திருப்பிக் குடுத்துருவோம், வேற ஸ்கூலு பாத்துக்கட்டும்."

"பஞ்சவர்ணக்காவுக்குப் பத்தாம் தேதி டெஸ்ட் சார். நடுவுல எந்த ஸ்கூல்ல சேப்பாக?"

"அதுக்கு நான் என்ன செய்ய? வண்டியே ஒத்துழைக்க மாட்டேங்குதே."

அடுத்து மாற்றும் உதிரிபாகத்தின் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

என் சம்பளத்தில், டைனமோவுக்குள் இருக்கும் இரண்டு கார்பன் பிரஷும் ஒரு ரெகுலேட்டரும் மாற்றியாயிற்று. ரபீக் பாய் அதைக் 'கட்டவுட்' என்கிறார். டைனமோ எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று கட்டுப்படுத்துவதாம். உறுமிப் பார்த்தோம், பதினாலு. கைதட்டினோம்.

ஜூன் 25, செவ்வாய்

பதினொன்றரைக்கு மங்கத் தொடங்கிய ஹாரன் பன்னிரண்டே காலுக்குக் கன்றுக்குட்டிபோல் முனகியது. நிற்கும் முன் ஸ்கூலுக்குத் திருப்பிவிட்டேன். முதலாளியிடம் சொல்லவில்லை. ரோட்டில் நிற்கவில்லை அல்லவா? பேச்சு பேச்சுதான்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். எழுபத்தெட்டு சதவீதம். வீட்டில் பரணில் கிடந்த புத்தகத்தை இறக்கினேன். ஆல்டர்னேட்டர் சுற்றினால் மட்டும் மின்சாரம் வராது. உள்ளே ஒரு கம்பிச்சுருள் காந்தமாக வேண்டும். அது காந்தமாக, ஆரம்பத்தில் வெளியிலிருந்து ஒரு சிட்டிகை மின்சாரம் அதற்குள் போக வேண்டும். அந்தச் சிட்டிகை கிடைத்துவிட்டால் பிறகு அது தன் காலில் நிற்கும். இதை ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன். காரில் அந்தச் சிட்டிகை எந்த வழியாக வருகிறது என்று புத்தகத்தில் இல்லை. நம் படிப்பு அப்படித்தான்.

ஜூன் 28, வெள்ளி

புதனன்றே சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். முத்துக்காளையின் பேட்ச் முடியும்போது 14.1. என் பேட்ச் முடியும்போது 11.9, அதாவது பேட்டரி இறங்குகிறது. மூன்று நாளும் அப்படியே. எண்களும் முதலாளி பக்கம் சேர்ந்துவிட்டன.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவர் சொல்வது உண்மையோ என்று தோன்றியது. உடனே நர்ஸ் ஒருத்தியிடம் "பிரேக்குல இருந்து காலை எடுங்க" என்று எரிந்து விழுந்தேன். அவள் பிரேக்கில் கால் வைத்திருக்கவே இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

மீட்டரைப் பேட்டரியில் மாட்டி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐ.சி.யூ. போலிருக்கிறது என்றாள் ஒரு நர்ஸ்.

முத்துக்காளை அணைக்காமல் விட்டுப்போன எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது 14. எஸ்தர் மேடம் கிளட்ச்சை விட்டார், வண்டி ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்தார். 12.3. அப்படியே 12.2, 12.1. நான் என் பக்கத்து ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தேன். 14! மறுபடி ஆஃப் ஆனது. மறுபடி 12.

ஆக, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்த பிறகும் டைனமோ தூங்குகிறது. உறுமினால் எழுகிறது. முத்துக்காளை எடுத்த எடுப்பிலேயே உறுமுகிறவன். நாங்கள் மெதுவாகப் போகிறோம், அடிக்கடி நிற்கிறோம். அதாவது பழகுகிறோம்.

பெண்கள் காரணமில்லை! பாதி கண்டுபிடித்துவிட்டேன். அது ஏன் தூங்குகிறது என்பது மட்டும் பாக்கி.

ஜூலை 4, வியாழன்

பஞ்சவர்ணம் இன்று வண்டியை ஒரு முறைகூட ஆஃப் ஆக்கவில்லை. முடித்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எங்க டிப்போவுல குப்பை வண்டியில சாவியத் திருப்புனா பேட்டரி மாதிரி ஒரு படம் செகப்பா எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையும். இதுலயும் மொத நாளு எரிஞ்சுச்சுல்ல? எச்செம் அம்மா கூட கத்துனாகளே. இப்ப ஏன் எரிய மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.

சாக்பீஸ் வாங்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

ரபீக் பாயின் பட்டறைக்குப் போனேன்.

"பாய், ஒரு சந்தேகம். யாரோ ஒருத்தி, சும்மா ஒரு பேச்சுக்கு, அந்த பேட்டரி விளக்கோட பல்பைக் கழட்டிட்டான்னு வைங்க. என்ன ஆகும்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில்தான் நிறுத்தினார்.

"அந்த யாரோ ஒருத்தி காலேஜு படிச்சவளா?"

"எழுபத்தெட்டு பெர்சன்ட் பாய்."

"யம்மா, அது வெறும் வெளக்கு இல்லம்மா. டைனமோவை எழுப்பி விடுற கரண்டு அந்த பல்பு வழியாத்தான் உள்ள போகுது. பல்பு இல்லேன்னா அது எந்திரிக்காது. ஓங்கி மிதிச்சா மிச்சம் மீதி காந்தத்துல தானா எந்திரிக்கும். உறுமிக்கிட்டே பாத்ததுனால நானும் ஏமாந்தேன். ஸ்லோவுல ஒரு தடவை பாத்திருக்கணும். எம்மேலயும் தப்பு."

ஒரு சிட்டிகை மின்சாரம். வழி தெரிந்துவிட்டது. ஊக்கு டப்பாவுக்குள் இருந்தது.

பல்பை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன், எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது. உறுமாமல், மெதுவாக, 14.1.

பதினொரு மணிக்கு வந்த நான்கு பேரிடமும் சொன்னேன். எஸ்தர் மேடம், "எனக்காகவா கழட்டுன?" என்று கண் கலங்கினார். நர்ஸ் இருவரும், தாங்கள் வண்டி தள்ளிய தூரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பஞ்சவர்ணம் கடைசியாகப் பேசினார்.

"நாங்க பயந்துருவோம்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டியா?"

"ஆமாக்கா."

"எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான். நல்ல மனுசன். 'வர்ணம், வண்டி ஓட்ட நீ பயப்படுவ'ன்னு அவராவே முடிவு பண்ணிருவாரு. என்கிட்ட கேக்க மாட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூலை 6, சனி

முதலாளியிடம் சொல்ல வேண்டும். இப்போது சொன்னால், "பாத்தியா, பொம்பளைனாலதான்" என்பார், பேட்ச்சை மூடுவார், பஞ்சவர்ணத்தின் டெஸ்ட் போகும். சொல்லாவிட்டால், பெண்கள் ஓட்டினால் பேட்டரி இறங்கும் என்பது இந்த ஸ்கூலின் சுவரில் இருந்துகொண்டே இருக்கும். பத்தாம் தேதி வரை வாயைத் திறக்க மாட்டேன். இது தந்திரம். கோழைத்தனம் இல்லை என்று மூன்று முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 10, புதன்

டெஸ்ட் மைதானத்தில் எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். பஞ்சவர்ணம் யூனிஃபார்மின் பச்சைச் சட்டையோடு வந்திருந்தார். வேலை முடித்து நேராக வந்தாராம். இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். நான் வேலிக்கு வெளியே, நகத்தில் மிச்சமிருந்ததைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முன்னால் போனது சுத்தம். திருப்பியது சுத்தம். ரிவர்ஸில் வளைக்கும்போது வண்டி குலுங்கி ஆஃப் ஆனது.

பின்னால் வரிசையில் யாரோ "ம்ஹும்" என்றான். இங்கிருந்து பார்க்கும்போது விளக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எரிகிறது என்று தெரியும். பஞ்சவர்ணம் குனிந்து அதைப் பார்த்தார். வாய் அசைந்தது. நியூட்ரலுக்குத் தள்ளினார், சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. வளைத்து, கோட்டுக்குள் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் பேப்பரில் டிக் அடித்தார்.

"நடுவுல என்னக்கா பேசுனீங்க?"

"அதுகிட்ட பேசுனேன். 'ஆங், முழிச்சுத்தான இருக்க?'ன்னு கேட்டேன்."

ஜூலை 11, வியாழன்

முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முத்துக்காளையும் இருந்தான்.

"ஒரு பல்பா?" என்றார் முதலாளி. பேட்டரி, பெல்ட், டைனமோ என்று விரல் விட்டார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் சொன்னது சரிதான? பொம்பளைங்களாலதான்!"

"இல்ல சார். என்னால."

"ரெண்டும் ஒண்ணுதான ஆத்தா."

"போன வருசம் முத்துக்காளை கிளட்ச் பிளேட்டைத் தேய்ச்சு நாசம் பண்ணாரு. ஆம்பளைங்க ஓட்டினா கிளட்ச் தேயும்னு சொன்னீங்களா? முத்துக்காளை தேய்ச்சுட்டான்னு சொன்னீங்க. என்னையும் பேர் சொல்லித் திட்டுங்க சார். முழுப்பேரும்."

முத்துக்காளை கிளட்ச் பேச்சு ஏன் வந்தது என்று முணுமுணுத்தான். முதலாளி கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"டைனமோ காசைச் சம்பளத்துல பிடிப்பேன்."

"பிடிங்க."

"பேட்ச்சு நடக்கட்டும். அந்த பல்புல இனி கைய வச்ச..."

வண்டிப் பதிவேட்டை எடுத்தேன். ஜூன் 3-ஆம் தேதி வரிசையில் 'பழுது' கட்டம் காலியாக இருந்தது. அதில் 'அங்கயற்கண்ணி' என்று எழுதினேன். கட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியது.

ஜூலை 22, திங்கள்

காலை ஏழே கால். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னே பச்சைச் சட்டை. பக்கத்து வீட்டுக்காரர் டிரைவர் எங்கே என்று வண்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

டிக்கியில் கிடந்த பழைய பெல்ட், வீணாகக் கழற்றிய பிரஷ், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன். கொண்டுபோய் நீட்டினேன்.

பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தார். "இது என்ன பாப்பா, மக்குறதா மக்காததா?"

"என் மூளைதான் அக்கா."

"அப்ப மக்காதது. பின்னாடி போடு" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஹாரன் அடித்தார். வழியில் நின்றுகொண்டிருந்தார் அவர்.